ஏழாம் பாத்திக்கு ஐந்து முடிவுகள்

இசக்கிராஜா ஒரு நாவலைப் படித்து முடித்துவிட்டான் என்று அவன் கூட்டாளிகள் பிளெக்ஸ் பேனர் வைத்துவிட்டார்கள்.

சமாதானபுரம் முக்கில், பத்தடிக்கு எட்டடி. பஸ்ஸுக்கு ஓட்டுநர் போய், தெருவிளக்குக்குக் கம்பி போய், பாளையங்கோட்டையில் என்னென்னவோ போய்விட்டது. பிளெக்ஸ் பேனர் மட்டும் போகவே இல்லை. நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள் என்பதால் டீக்கடைக்காரர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். "'ஏழாம் பாத்தி' என்னும் 412 பக்க நாவலை அட்டை முதல் அட்டை வரை படித்து முடித்த எங்கள் அண்ணன், சோலார் எலக்ட்ரீசியன் இசக்கிராஜாவை வாழ்த்தி மகிழும் நண்பர்கள்." வாசித்துவிட்டு, "படத்துல ஆளு சிங்கம் மாதிரி நிக்காரு மேடம். கையில புத்தகம், கண்ணுல கூலிங் கிளாஸ்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தேன். இசக்கிக்கு நாற்பது வயது. எந்த இன்வெர்ட்டரையும் பிரித்து மேய்ந்து திரும்பப் பூட்டிவிடுவான். ஆனால் அச்சு எழுத்து அவன் கண்ணுக்கு ஓரிடத்தில் நிற்காது; வரிகள் இடம் மாறும், 'ப'வும் 'ம'வும் ஆள் மாறாட்டம் செய்யும். அது ஒரு குறைபாடு என்று சொல்ல அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. மக்கு என்று சொல்லத்தான் ஆள் இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவன், இப்போது ஒரு நாவலை முடித்திருக்கிறான். பேனர் என்ன, யானை ஊர்வலமே விடலாம்.

அவனைப் படிக்க வைத்த கருவிக்குப் பெயர் செவியேடு. ஒரு சிலேட்டு அளவு இருக்கும். படிப்பது யாரென்று அதற்குத் தெரிய விரலில் ஒரு மோதிரம் மாட்டிக்கொள்ள வேண்டும். புத்தகத்தைக் குரலில் வாசிக்கும். வாசிக்கிற சொல்லைத் திரையில் ஒளியேற்றிக் காட்டும். படம் வந்தால் விரலுக்கடியில் புள்ளிகளாக மேலெழுந்து தடவிப் பார்க்கச் சொல்லும். அச்சுப் புத்தகம் படிக்க முடியாத பதினெட்டாயிரம் பிள்ளைகளுக்கு மாநிலம் முழுக்க ஜூன் மாதம் கொடுப்பதாக இருந்தது. அதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் படித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். சோதனை வாசகர்கள் என்று பெயர். நான் ஜெனிட்டா, அந்தக் குழுவுக்குத் தலைவி. என் கையெழுத்து இல்லாமல் கருவி வெளியே போகாது. அந்த அதிகாரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது ஆள் வடிவக்கா. சங்கரவடிவு என்று முழுப் பெயர். இருபத்தாறு வருஷம் வானொலியில் செய்தி வாசித்தவர். கண் கழுகுக் கண். ஆனால் முடக்குவாதம் விரல்களை மடக்கிப் போட்டுவிட்டது. புத்தகத்தைப் பிடிக்கவும் முடியாது, பக்கத்தைத் திருப்பவும் முடியாது. "எழுதிக் குடுத்தத ஒரு கொம்பு, ஒரு கால் மாத்தாம வாசிச்சவ நான்" என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிக் காட்டுவார்.

வியாழக்கிழமைதோறும் வடிவக்கா வீட்டில் கூடுவோம். அந்த வியாழன், இசக்கி ஒரு டப்பா லட்டோடு வந்திருந்தான்.

"பவுனு கல்யாணத்துல காசி பந்தி பரிமாறுத எடம் இருக்கே, எனக்கு அழுகையே வந்துட்டு" என்று நான் ஆரம்பித்தேன். கதை உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்: தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் வேலை செய்யும் அண்ணன் காசி, தங்கை பவுனு. அவ்வளவுதான் கதைக்கு ஆள்.

"எந்தக் காசி?" என்றார் வடிவக்கா.

"எத்தன காசிக்கா இருக்கான் அந்தப் புத்தகத்துல?"

"ஏட்டி, காசியத்தான் பாதியிலயே குத்திக் கொன்னுட்டானுவளே! உப்பு அம்பாரத்துக்குள்ள பொணத்த ஒளிச்சு வச்சிருந்தானுவ. அதக் கண்டுபிடிக்கதுக்குத்தான மிச்ச எரநூறு பக்கமும்!"

லட்டு என் தொண்டையில் நின்றுவிட்டது. "நீ சொல்லு இசக்கி" என்றேன்.

"காசி சரக்குத் தோணியில மாலத்தீவுக்குப் போக வேல கேட்டுட்டு வீட்டுக்கு வாரான்" என்றான் அவன், மெதுவாக. "பவுனு சோறு போடுதா. ரெண்டு பேரும் சிரிக்காங்க. அதோட முடிஞ்சுட்டு. நல்ல முடிவுக்கா."

இதற்கு முன்னால் ஆளுக்கொரு புத்தகமாகத்தான் படித்து வந்தோம்; இசக்கி எதையும் முடித்ததில்லை. ஒரே புத்தகத்தை மூவரும் படித்தது இதுதான் முதல் தடவை. அதையும் சேர்ந்து கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? நான் மூன்று மடங்கு வேகத்தில் கேட்கிறவள். கண் தெரிந்தவர்களுக்கு அது மிக்ஸி ஓடுகிற சத்தம்தான். எனக்கு அது சுகமான தமிழ். இசக்கிக்கு முக்கால் வேகம் வேண்டும். வடிவக்காவுக்கோ இயந்திரம் எந்த வேகத்தில் வாசித்தாலும் உச்சரிப்பில் குறை. ஆகவே ஆளுக்கொரு இயர்போன். பக்கத்தில் இருப்பவர் காதில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

"ஒனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று இசக்கியிடம் கேட்டேன்.

"தெனம் அரை மணி நேரம். ஆறு நாளு."

"எனக்கே நாலு மணி நேரம் ஆச்சு இசக்கி. ஒனக்கு மூணு மணி நேரத்துல நானூறு பக்கமா?"

கேட்டிருக்கக் கூடாது. என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும். நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது.

"நான் பொய் சொல்லுதேன்னு சொல்லுதியளா?"

"ஒன்னச் சொல்லலப்பா. மெஷினச் சொல்லுதேன். அது ஒனக்குப் பாதிக்கு மேல விழுங்கிட்டு."

"அப்போ நான் படிச்சது என்னதுக்கா?"

அவன் வாசல் வரை போய்த் திரும்பி வந்தான். பேனரை இப்போதே போய்க் கிழிக்கப் போவதாகச் சொன்னான். ஊருக்குள் இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நடப்பது என்றான். ஆறாம் வகுப்பில் முட்டி போட்டு நின்றபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறது என்றான். அந்தக் குரலைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

"எல இசக்கி, உக்காரு" என்றார் வடிவக்கா. "பேனருல போட்டது இன்னும் நடக்கல, அவ்வளவுதான? நடத்திக் காட்டு. தேர்தலுக்கு முன்னாடியே வெற்றி பெற்றவருக்கு வாழ்த்துன்னு பேனர் வைக்கலியா நம்ம ஊர்ல?"

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டான்.

கருவியை வடிவமைத்த மீரானுக்குப் போன் போட்டேன். மேலப்பாளையத்துப் பையன், கெட்டிக்காரன், எங்கள் மேல் உயிரையே வைத்திருப்பவன். அமைச்சருக்குக் கருவியைக் காட்டச் சென்னை போயிருந்தான். "கதைய மாத்துதா? இருக்கவே இருக்காதுக்கா. கஷ்டமான வரியச் சுலபமாக்கும், அவ்வளவுதான். நீங்க வேற யாரு புத்தகத்தையும் போட்டுக் குழப்பிட்டியளோ என்னமோ. திங்கக்கெழம வாரேன், கையெழுத்து மட்டும் ரெடியா வைங்க" என்றான்.

திங்கட்கிழமைக்குள் எங்களுக்கு அச்சுப் புத்தகம் வேண்டும். இசக்கி நூலகத்துக்குப் போய், பூட்டிய அலமாரியிலிருந்து ஒரே ஒரு பழைய பிரதியை வாங்கி வந்தான். நூலகர் பேனரைப் பார்த்திருந்தாராம், கைகுலுக்கி, "திரும்பவும் படிக்கப் போறியளா?" என்று பூரித்துப் போனாராம்.

செவியேட்டின் கேமராவை அந்தப் பக்கங்களின் மேல் காட்டினால் ஆயிற்றே என்பீர்கள். காட்டினேன். நாலாம் பக்கத்திலேயே எனக்குக் கல்யாணப் பந்தலுக்குக் கால் நட ஆரம்பித்துவிட்டது. விரலில் மாட்டும் மோதிரத்தைக் கழற்றினால் சோதனைக் கருவி திறக்கவே திறக்காது. பழைய வாசிப்புச் செயலிகளையெல்லாம், செவியேடு வருகிறதே என்று, நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே நாங்களே கருவியானோம். வடிவக்காவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்தேன். புத்தகத்தை இரு கையிலும் தாங்கிக்கொண்டேன். வடிவக்கா வாசிப்பார், "ம்" என்றால் நான் பக்கத்தைத் திருப்புவேன். இசக்கி அவர் தோளுக்குப் பின்னால். சுவிட்ச் பெட்டி அட்டை ஒன்றில் ஒரு வரி அளவுக்கு நீளமாக ஓட்டை வெட்டி வைத்திருந்தான். அதைப் பக்கத்தின் மேல் வைத்தால் ஒரே ஒரு வரிதான் தெரியும், மற்ற வரிகள் வந்து இடிக்காது. வடிவக்காவின் குரலோடு அந்த அட்டையை வரி வரியாக இறக்கிக்கொண்டே வந்தான். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வயர் ஆளுக்கே உரிய மூளை.

வெள்ளி, சனி, ஞாயிறு. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை. என் கை விட்டுப்போனது. முதல் நாள் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அவர் ஒரு வரி வாசிக்கிற நேரத்தில் நான் ஒரு பத்தி கேட்டு முடித்திருப்பேன். இரண்டாம் நாள் காலையில் என்னையறியாமல் அந்த வேகத்துக்குள் இறங்கிவிட்டேன். ஒரு பெண் உப்புத் தண்ணீரில் நிற்பதை எழுத்தாளர் மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார். என் கருவி அதை எனக்கு மூன்று வரியில் தந்திருந்தது. அந்த மூன்று பக்கத்தையும் கேட்டபோது என் காலெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷமும் என்னென்ன கேட்காமல் விட்டேனோ என்று பயமாகவும் இருந்தது.

கொலை எதுவும் வரவில்லை. வடிவக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

காசி தோணி ஏறினான். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இசக்கியின் புத்தகம் முடிந்திருந்தது. அதற்குமேல் இருநூற்றைம்பது பக்கம் இருந்தது. "இன்னும் இவ்வளவு இருக்கா!" என்று அவன் சொன்னபோது, புதையல் எடுத்தவன் குரல் அது.

ஞாயிறு மாலை, தோணி போய் நாற்பது நாளாகியும் செய்தி இல்லை. பவுனு தினமும் வேலை முடிந்து கடற்கரைக்குப் போகிறாள். பின்னால் அட்டை நகர்கிற சரசரப்பு நின்றுவிட்டது. இசக்கி எழுந்து வாசல் பக்கம் போனான்.

"நிப்பாட்டட்டுமால?" என்றார் வடிவக்கா.

"வாசிங்க. நான் இங்கன இருந்து கேக்கேன்." மூக்கடைத்த குரல். "ஆனா ஒண்ணு சொல்லுதேன். காசி மட்டும் செத்தான்னா, நான் இனிமே புத்தகத்துப் பக்கமே வர மாட்டேன். சத்தியமா. நெஞ்சு வலிக்கதுக்கா ஒரு மனுசன் படிப்பான்?"

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். வடிவக்கா ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். "தண்ணி வேணுமாக்கா?" என்றேன். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வாசித்தார். தபால்காரர் வருகிறார். மாலத்தீவு முத்திரை குத்திய கடிதம். காசி சுகமாக இருக்கிறான், பொங்கலுக்கு வருகிறான். பவுனு கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள்.

இசக்கி வாசலில் இருந்தபடியே "ஏயப்பா!" என்று கத்தினான். நாங்கள் மூன்று பேரும் அழுது, சிரித்து, மிச்சமிருந்த லட்டைத் தின்றோம்.

திங்கட்கிழமை மீரான் வந்தான். மூன்று கருவிகளையும் அவன் முன்னால் வைத்து, அச்சுப் புத்தகத்தையும் வைத்தேன். அவன் ஒவ்வொரு கருவியிலும் கடைசி அத்தியாயத்தைத் திறந்து பார்த்தான்.

"மோதிரம் நாடித் துடிப்பையும் வெரல் வேர்வையையும் பாக்கும்க்கா" என்றான் கடைசியில். "படிக்கவங்க ஒரு எடத்துல சிக்கிக்கிட்டா துடிப்பு ஏறும். ஏறுனா அந்த எடத்தச் சுலபமாக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"சோகம் வந்தாலும் துடிப்பு ஏறுமே தம்பி" என்றேன்.

"ஏறும். அதான் உங்களுக்குச் சோகத்த எடுத்துட்டுக் கல்யாணத்த வச்சுட்டு போல."

"அப்ப ஒன் மெஷினுக்கு அழுகையும் ஒண்ணு, புரியாததும் ஒண்ணு."

இசக்கி சொன்னான்: "எனக்கு எழுத்தக் கண்டாலே துடிப்பு ஏறும் தம்பி. ஆறாங்கிளாஸ்ல இருந்து ஏறுது. அதான் பாதிய வெட்டிட்டு போல."

"எனக்கு?" என்றார் வடிவக்கா. "எனக்கு எதுக்குல கொலைய வச்சுது?"

"உங்களுக்குத் துடிப்பு அசையவே இல்லக்கா. சலிச்சுப் போச்சுன்னு நெனச்சு விறுவிறுப்பு ஏத்தியிருக்கு."

"ஏலே, பூகம்பத்தயும் புயலயும் மூச்சு மாறாம வாசிச்சவ நானு. எனக்கு அசையுமா?"

நாங்கள் சிரித்தோம். மீரானுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்க யாரும் கஷ்டப்படக் கூடாதுன்னுதான் செஞ்சேன்" என்றான். "கஷ்டப்பட்டு, புத்தகத்தத் தூக்கி எறிஞ்சுட்டுப் போறதுக்கு இது மேலில்லையா? இசக்கி அண்ணன் ஜென்மத்துல மொத மொதல்ல ஒரு புத்தகத்த முடிச்சது இதாலதான? சொல்லுங்க."

நியாயமான கேள்வி. ஆனாலும் எனக்கு ஆத்திரம் வந்தது. பதினெட்டாயிரம் பிள்ளைகள் கையில் பதினெட்டாயிரம் விதமான பாடப் புத்தகம். ஒருத்திக்குப் போர் இல்லாத வரலாறு, ஒருவனுக்கு வகுத்தல் இல்லாத கணக்கு. பரீட்சையில் கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்று. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் இசக்கி முந்திக்கொண்டான்.

"என்னயக் கேட்டிருந்தா நானே 'மாத்துப்பா, முடியல'ன்னு சொல்லியிருப்பேன். எனக்குத் தெரியாம மாத்திட்ட பாரு, அதான் வலிக்கி. ஊரெல்லாம் படிச்சேன் படிச்சேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

மீரான் தலை குனிந்திருப்பான் என்று நினைக்கிறேன். குரல் தரையைப் பார்த்து வந்தது. மூன்று வாரம் கேட்டான். கருவி இனிமேல் கேட்டுவிட்டுத்தான் எளிதாக்கும். எளிதாக்கிய இடத்தில் மணி ஒன்று அடிக்கும். ஒரு பொத்தானைத் தொட்டால் மூலம் அப்படியே வரும். அவனுக்கு நாவலின் உண்மையான முடிவு தெரியுமா என்று கேட்டேன். "நான் புத்தகம் படிக்க மாட்டேன்க்கா. படிக்க மெஷின்தான் செய்வேன்" என்றான். அப்பாவிப் பிள்ளை.

"எப்பக்கா கையெழுத்துப் போடுவிய?"

"புது மெஷின வச்சு இசக்கி இந்தப் புத்தகத்த முழுசாப் படிச்சு முடிக்க அன்னைக்கு" என்றேன். ஜூன் போனால் போகிறது. கண்ணும் கையும் சரியாக இருக்கிறவர்களுக்காக யாரும் புத்தகத்தைச் சத்தமில்லாமல் மாற்றுவதில்லை. எங்களுக்கு மட்டும் ஏன்?

மூன்றாம் வாரம் புதுக் கருவி வந்தது. முதல் வேலையாக 'ஏழாம் பாத்தி'யை ஒரு மாற்றமும் இல்லாமல் என் வேகத்தில் ஓடவிட்டேன். கொலை இல்லை, கல்யாணம் இல்லை. நல்ல பிள்ளை என்று மீரானை மனதுக்குள் மெச்சிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

தபால்காரர் வரவே இல்லை.

தோணியின் உடைந்த பலகை ஒன்று கரை ஒதுங்குகிறது. அதில் காசி தன் கையால் செதுக்கிய தங்கை பெயர் இருக்கிறது. காசியைப் பற்றி அவ்வளவுதான். திருப்பித் திருப்பி நான்கு தடவை கேட்டேன். பழைய கருவியின் புத்தி போகவில்லை போல என்று மீரானைத் திட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து வடிவக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"மெஷின் சரியாத்தான் சொல்லுது" என்றார் வடிவக்கா.

எனக்குப் புரிய நேரமாயிற்று. "நீங்களாக்கா?"

"நான்தான்."

"ஒரு கொம்பு, ஒரு கால் மாத்தாதவங்க!"

"ஆமா ட்டி. இருபத்தாறு வருசம் மாத்தல. ஆயிரம் பேரு செத்தத, அவங்க வீட்டாளுவ கேட்டுட்டு இருக்கும்போது வாசிச்சிருக்கேன். மாத்தல." குரல் நடுங்கியது. "அவன் வாசல்ல இருந்து சத்தியம் பண்ணுதான். புத்தகத்துப் பக்கமே வர மாட்டேன்னு. நாப்பது வருசம் கழிச்சு ஒருத்தன் எழுத்துகிட்ட வந்திருக்கான். என் வாயால அவன வெரட்டச் சொல்லுதியா? தபால்காரன் தன்னால வந்துட்டான்."

மீரானிடம் நான் போட்ட சத்தமெல்லாம் என் காதிலேயே ஒலித்தது. மீரானாவது கணக்குப் போட்டுச் செய்தான். இந்தப் பெண் ஒரு மூச்சு நேரத்தில் செய்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடே அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கட்டிக்கொண்டேன்.

"அவன்ட்ட சொல்லிருவோமா?" என்றார் என் தோளில் முகத்தை வைத்தபடி.

"அவனே படிச்சுட்டுத்தானக்கா இருக்கான். வரட்டும்."

அப்படித்தான் ஜூலை முழுவதும் அவன் பக்கத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். வியாழன்தோறும் இசக்கி எத்தனையாவது பக்கம் என்று சொல்லுவான். நூற்றெட்டு. நூற்று அறுபது. பாதி இடங்களில் கருவி "எளிதாக்கட்டுமா?" என்று கேட்கிறதாம், முதல் வாரம் சரி சரி என்று சொன்னவன், பிறகு, "வாய மூடுட்டு இரி" என்று அதைத் திட்ட ஆரம்பித்துவிட்டானாம். குரலையும் அணைத்துவிட்டு, ஒளியேறும் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு தானாகப் படிக்கிறானாம். இருநூற்று எழுபது. முந்நூற்று நாற்பது. நெருங்க நெருங்க எங்களுக்குத்தான் துடிப்பு ஏறியது. அந்தப் பக்கத்தோடு அவன் கருவியைத் தூக்கிக் குப்பையில் போட்டால் நான் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது? கையெழுத்துக் கிடக்கட்டும், நாங்கள் அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆகஸ்ட் முதல் செவ்வாய், காலை பத்து மணி இருக்கும். வியாழக்கிழமை வரை அவனால் பொறுக்க முடியவில்லை. என் வீட்டுக் கேட்டை உதைத்துத் திறந்தான்.

"அக்கா! வடிவக்கா புளுகிட்டாங்க!"

நான் துவைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"கடுதாசியும் இல்ல, தபால்காரனும் இல்ல. நான் மூணு தடவ படிச்சுட்டேன். மெஷின் மாத்திட்டோன்னு, லைப்ரரிக்குப் போயி அச்சுப் புத்தகத்துலயும் அட்டைய வச்சுப் படிச்சேன். எனக்கு மட்டுந்தான்க்கா தெரியும்! வடிவக்கா, நம்ம ரேடியோக்கா, அவங்க வாசிச்சது தப்புன்னு நான் கண்டுபிடிச்சிருக்கேன்!" மூச்சிரைத்தது. அழுகிறானா சிரிக்கிறானா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அநேகமாக அவனாலும் முடிந்திருக்காது. "நேத்து சாயங்காலத்துல இருந்து எனக்குச் சோறு எறங்கல."

"ஒனக்குக் கோவமா இசக்கி?"

"கோவந்தான். பயங்கரக் கோவம். அவங்க வீட்டு வாசல்ல போயி ஒரு பாட்டம் கத்திட்டுத்தான் வாரேன். அவங்க 'ஆமால, தப்புத்தான்'னு சொல்லிட்டு ஒரே அழுகை. நான் காப்பி போட்டுக் குடுத்துட்டு வந்தேன்." செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தான். "நீங்களும் முடிச்சிட்டியளாக்கா? ஒங்களுக்குத் தெரியுமா, காசி என்ன ஆனான்னு?"

என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னதில்லை.

"நான் இன்னும் அங்க வரலப்பா. வேலையில விட்டுட்டேன். என்ன ஆனான்?"

"சொல்ல மாட்டேன்" என்றான். "இருங்க."

பையிலிருந்து எதையோ எடுத்தான். சிலேட்டு இல்லை, காகிதம் சரசரத்தது. நூலகத்துப் புத்தகத்தையே எடுத்து வந்திருக்கிறான். என்னை உட்காரவைத்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். தன் குரலில் இன்னொருவருக்கு வாசித்துக் காட்டுவது அவனுக்கு இதுதான் முதல் தடவை என்று எனக்குத் தெரியும். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"ப... பலகை. பலகை கரை... ஒது... ஒதுங்கியது" என்று ஆரம்பித்தான். ஒரு சொல்லில் நின்றான். திரும்பப் போய் முதலிலிருந்து வந்தான். 'செதுக்கிய' என்ற சொல் அவனை மூன்று தடவை தள்ளிவிட்டது. நான்காம் தடவை ஏறிவிட்டான். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்து முடித்து, துணி ஈரம் என் மடியில் இறங்கி, எங்கோ ஒரு பஸ் வந்து போய்விட்டது. அவன் விடவில்லை. "பவுனு பாத்தியில்... இறங்கினாள். தண்ணீர் க... கணு... கணுக்கால் வரை இருந்தது. அண்ணன் விட்ட இடத்தில் இருந்து... உப்பு வாருபலகையை... இழுக்கத் தொடங்கினாள்."

எனக்கு முடிவு தெரியும். நான்கு தடவை கேட்டவள்தான் நான். அப்படியும், 'அண்ணன் விட்ட இடத்தில் இருந்து' என்று இசக்கியின் திக்கும் குரலில் கேட்டபோது உள்ளே என்னவோ அறுந்துவிட்டது. ஏங்கி ஏங்கி அழுதேன். தலைவி, அதிகாரி, கையெழுத்துக்காரி எல்லாம் எங்கே போனாளோ.

அவன் வாசிப்பதை நிறுத்தினான்.

"இன்னும் மூணு வரி கெடக்கு" என்றான். "அழுகதுன்னா அழுங்கக்கா. நான் மாத்தி வாசிக்க மாட்டேன்."